வளைவு எந்தப் பக்கம்?

எங்கள் அறிவியல் சார் காலமான செய்தியைப் பள்ளி மலர்க் குழுவினர் தொலைபேசியில் சொன்னார்கள். அவரைப் பற்றி எழுத முடியுமா என்றும் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால், அவர் முகத்துக்கும் முன்பே ஆய்வக மேசையிலிருந்த அந்தச் சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல்தான் நினைவுக்கு வருகிறது.

நீங்களும் அதைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள்தான். புதன்கிழமை கடைசி பீரியட். ஒரு சொட்டு அமிலம் பட்டால் ஓரம் நுரைக்கும். அறுத்து மெருகேற்றிய முகத்தில், கூம்பாக நீண்ட ஒரு நாட்டிலாய்டு, ஓட்டுக்குள் வாழ்ந்த பழங்காலக் கடலுயிரின் புதைபடிவம். உள்ளே சுவர் சுவராக அறைகள்.

ஒன்பதாம் வகுப்பில் அதை வரையச் சொன்னார். நிழலெல்லாம் தீட்டி நீட்டினேன். நோட்டை வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இதை வரைந்தவன் கல்லைப் பார்க்கவே இல்லை" என்றார். சுவர்களை நான் எதிர்ப்பக்கமாக வளைத்திருந்தேன். நாட்டிலாய்டின் சுவர் வாய்ப்பக்கம் குழிந்திருக்கும். கடைசிச் சுவரின் குழிவில்தான் அதன் உடல் பொருந்தியிருக்கும். மணி அடிக்கும்வரை கல்லோடு நின்றேன், அழுதேன். அத்தனை பேர் முன்னால் அப்படிச் செய்திருக்க வேண்டாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் பிரேயருக்கு முன்பே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். வளர வளர அந்த உயிர் முன்னால் நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொள்ளுமாம். ஆனால் பழைய அறைகளைக் கைவிடாது. எல்லாச் சுவர்களையும் ஊடுருவி ஒரு மெல்லிய சதைக்குழல் பின்னோக்கி ஓடும். அறைகளின் நீரை அது உறிஞ்ச, வாயு நிரம்பி ஓடு மிதக்கும். இன்றும் கடலில் வாழும் அதன் உறவான நாட்டிலஸுக்கும் இதே ஏற்பாடுதான். கல்லில் அந்தக் குழலின் தடத்தை என் விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டினார்.

அப்புறம் கல்லூரி, வெளிநாடு, கணக்கு வேலை. அவருக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

இங்கே என் அலுவலகப் படிகள் சுவீடனின் ஓலாண்டு தீவுச் சுண்ணாம்புக்கல். ஆர்டோவிசியக் காலத்துக் கடலடிச் சேறு, 45 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது. மூன்றாம் படியில் கையளவு நாட்டிலாய்டு ஒன்று கிடக்கிறது. 18 ஆண்டுகளாக, வளைவைப் பார்த்துத் தலை எந்தப் பக்கம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டுதான் ஏறுகிறேன். அதை வரைந்து சாருக்கு அனுப்ப வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்தேன்.

செய்தி வந்த மறுநாள் சீக்கிரமே போய், படியில் உட்கார்ந்து வரைந்தேன். 16 சுவர்கள், எல்லாம் வாய்ப்பக்கம் குழிந்தவை. குழல் பாதிவரைதான் தெரிந்தது. தெரிந்த அளவுக்கே வரைந்திருக்கிறேன், சார்.