அரக்குத் தட்டு நாட்குறிப்பு

மார்ச் 4
பழைய 78 வேக அரக்கு இசைத்தட்டைக் கணினியில் ஏற்றும் வேலை. தட்டில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணுக்குப் (அச்சு வார்ப்பின் அடையாள எண்) பின்னால் சின்னச் சதுரம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படுகிறது. முக்கோணம் என்றால் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஒலிப்பதிவு முறை. சதுரம் என்றால் ப்ளம்லைன் முறை, 1931க்கு முந்தையதல்ல. ஆக டர்ன்ஓவர் (பதிவில் குறைத்த தாழ் ஒலியை இதற்குக் கீழே மீண்டும் ஏற்ற வேண்டிய எல்லை) 250 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் ஃப்ளாட், அதாவது ஏற்றமும் இறக்கமும் இல்லை. எச்எம்வி நிறுவனத் தட்டில் லேபிளை நம்பக் கூடாது. லேபிள் மறு அச்சில் மாறும், மேட்ரிக்ஸ் மாறாது.

மார்ச் 5
3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) முள் இன்னும் வரவில்லை. எல்பி தட்டுக்கான மெல்லிய முள் வேண்டவே வேண்டாம். பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து குப்பையைத்தான் படிக்கும்.

மார்ச் 7
எல்பிக்கான ஆர்ஐஏஏ ஒலிச்சமன் வளைவுள்ள ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) வழியாக, நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஏற்றிய கோப்புகள் வந்திருக்கின்றன. தவிலின் தொப்பி (தாழ் ஒலிப் பக்கம்) வீங்கிக் கிடக்கிறது, நாகஸ்வரத்துக்கு மூக்கடைப்பு. வேறெப்படி இருக்கும்? 1954இல் வந்த வளைவு அது. 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபல் வெட்டுகிறது. டர்ன்ஓவர் 500இல் இருப்பதால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இந்தத் தட்டுக்குக் கிட்டத்தட்ட 5 டெசிபல் அதிகம்.
சரிசெய்யலாம், வரிசை முக்கியம். முதலில் 45 வேகத்திலேயே தலைகீழ் ஆர்ஐஏஏ, அதாவது அந்த வளைவை நீக்குவது. பிறகு வேகத்தை 78க்கு ஏற்று. கடைசியில்தான் 250 டர்ன்ஓவர். வேகத்தை முதலில் ஏற்றினால் எல்லாம் 1.73 மடங்கு தள்ளிப்போகும். 500 என்பது 867இல் போய் நிற்கும், தலைகீழ் வளைவு பொருந்தாது.

மார்ச் 8
முள் வந்தது. கழுவக் காய்ச்சி வடித்த நீர் மட்டும். ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும்.

மார்ச் 9
புதிதாக ஏற்றும் அமைப்பு: 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஃப்ளாட் (எந்த வளைவும் இல்லாமல்), ஸ்டீரியோ. மோனோ தட்டுதான், ஆனாலும் பள்ளத்தின் இரு சுவரும் தனித்தனியே இருக்கட்டும். தேயாத பக்கத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். டிக் சத்தங்களை நீக்குவது ஈக்வலைசேஷனுக்கு (வளைவைச் சரிசெய்வதற்கு) முன்னால். பின்னால் செய்தால் கூர் மழுங்கி அகன்றுவிடும், மென்பொருளுக்கு அடையாளம் தெரியாது.

மார்ச் 11
ஆர்மோனியத்தின் சுருதி இரண்டு கட்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, வேகம் துல்லியமில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 77 கோட்டு ஸ்ட்ரோப் (வேகம் பார்க்கும் வட்டு) அசையாமல் நின்றால் வேகம் 77.92. பல எல்இடி விளக்குகளில் இதைப் பார்க்க முடிவதில்லை, பழைய சோக் டியூப் லைட் வேண்டும். சுருதி அரைக் கட்டை மாற நிமிடத்துக்கு ஏறக்குறைய 4.6 சுற்று.

மார்ச் 12
மறுபடியும் மேல் ஸ்தாயி. 250-ஃப்ளாட் என்பதில் ஐயமில்லை, ஆனால் இரைச்சல் காதைத் துளைக்கிறது. 10 கிலோஹெர்ட்ஸில் 5 டெசிபல் குறைத்தால் சுகம், ஆனால் பாடலின் ‘ஸ’ ஒலி மங்குகிறது. இரைச்சலைக் குறைப்பது வேறு, ஈக்வலைசேஷன் வேறு. இரண்டையும் ஒரே குமிழில் திருகுவதுதான் எல்லாக் கெடுதலுக்கும் காரணம். ஃப்ளாட் கோப்பைத் தொடாதே.

மார்ச் 13
3 டெசிபல்?

மார்ச் 14
1925க்கு முந்திய தட்டு ஒன்று. மைக்கே கிடையாது, கொம்புக்குள் பாடியது. டர்ன்ஓவரும் இல்லை, ரோல்-ஆஃபும் (மேல் ஒலியைக் குறைப்பது) இல்லை. கொம்பின் அதிர்வுதான் அங்கங்கே துருத்துகிறது. எல்லாம் பூஜ்யத்தில் வைக்க வேண்டும்.