கடலை மெஷினுக்கு எந்தப் புல்லி?

அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் வேர்க்கடலை உரிக்கிற மெஷின் வெச்சிருக்கவங்க கவனத்துக்கு. பருப்பு ரொம்ப உடையுதுன்னா சல்லடையை மட்டும் மாத்தாம வேகத்தையும் குறைச்சுப் பாருங்க. மோட்டார் 1440 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 1440 சுத்து), அதுல 3 இன்ச் புல்லி (பெல்ட் ஓடுற சக்கரம்), மெஷின்ல 12 இன்ச்: மெஷின் வேகம் 1440 × 3 ÷ 12 = 360. மெஷின் புல்லியை 14 ஆக்கினா சுமார் 309.

தயவுசெஞ்சு மோட்டார் புல்லியை 2 இன்ச்சுக்குக் குறைக்காதீங்க. ஏ செக்‌ஷன் பெல்ட் (சின்ன மோட்டாருக்குப் போடுற V வடிவ பெல்ட்) அவ்வளவு வளைஞ்சா வழுக்கும், சூடாகும், உள்பக்கம் வெடிக்கும். 14 போட்டா பெல்ட் நீளமும் மூணு, மூணரை இன்ச் கூடும். மோட்டாரை நகர்த்த இடம் இருக்கான்னு முதல்லயே பாருங்க. ரெண்டு புல்லியும் நூல் பிடிச்சு ஒரே கோட்டுல நிக்கணும்.

புல்லிப் பள்ளத்தோட அடி பளபளன்னு இருந்தா பள்ளம் தேஞ்சுபோச்சு. பெல்ட் பக்கவாட்டுல பிடிக்காம அடியில உட்காருது, எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும்.

தோலை ஊதித் தள்ளுற காத்தாடியும் அதே ஷாஃப்ட்ல இருந்து ஓடுதா? அப்போ மெஷின் வேகத்தைக் குறைச்சா காத்தும் குறைஞ்சு தோல் பருப்போட விழும். காத்தாடி புல்லியை மட்டும் கொஞ்சம் சின்னதாக்குங்க.