ஊசலின் வரைபடம் எந்தப் பக்கம் வளைகிறது?

பாட ஆசிரியர்களுக்குக் கணினிப் பயிற்சி என்றால் முதல் நாள் பெரும்பாலும் ஸ்லைடு தயாரிப்பதிலேயே போய்விடுகிறது. மாலையில் எல்லோர் கையிலும் ஒரு கோப்பு இருக்கும். கரும்பலகையில் எழுதியதுதான் அதிலும் இருக்கும். பிள்ளைகள் தடுமாறும் ஒரு பாடப்பகுதியைக் கையில் எடுத்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்க வேண்டும். எந்த மென்பொருள் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அறிவியல் ஆசிரியர்களுக்குத் தனி ஊசல் நல்ல தொடக்கம். நூல், இரும்பு நட்டு, மீட்டர் அளவுகோல், கைப்பேசி ஸ்டாப்வாட்ச் போதும். தொங்கும் புள்ளியிலிருந்து நட்டின் நடு வரை 20, 30, 50, 100 செ.மீ. என நான்கு நீளங்கள். ஒவ்வொன்றிலும் சிறு வீச்சில் 10 அலைவுகளுக்கு நேரம் எடுக்க வேண்டும்: ஏறத்தாழ 9.0, 11.0, 14.2, 20.1 விநாடி வரும். நட்டை விடும்போதே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால் 9 அலைவுக்கான நேரம்தான் கிடைக்கும். ‘பூஜ்யம்’ என்று தொடங்க வேண்டும்.

இனி லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற விரிதாள் மென்பொருள். ‘20 செ.மீ.’ என்று அலகோடு தட்டினால் கணினிக்கு அது எண் அல்ல, வெறும் எழுத்து. கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அலகு தலைப்பு வரிசையில் இருக்கட்டும்.

அடுத்துதான் பெரிய சறுக்கல். வரைபடம் என்றதும் கை ‘லைன்’ வகைக்குப் போகிறது. அது நீளங்களை எண்ணாகப் பார்க்காமல் வெறும் பெயர்களாகச் சம இடைவெளியில் அடுக்கும். 20க்கும் 30க்கும் உள்ள தூரம்தான் 50க்கும் 100க்கும். அப்போது கோடு மேல்நோக்கி வளைகிறது. ‘எக்ஸ்ஒய் ஸ்கேட்டர்’ வகையில் அதே எண்களே கீழ்நோக்கி வளைகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது உண்மை என்று ஆசிரியர்களையே வாதாட விட வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போனாலும் போகட்டும். பயிற்சியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கருத்தாளர் முந்திக்கொண்டு சரியான பொத்தானைக் காட்டிவிட்டால், நாளை மாணவன் இதே இடத்தில் சறுக்கும்போது ஆசிரியருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. பிறகு 10 அலைவுகளின் நேரத்தைப் பத்தால் வகுத்து, அந்த ஓர் அலைவு நேரத்தின் இருமடியை நீளத்துக்கு எதிராகக் குறித்தால் நேர்கோடு. நீளம் மீட்டரில் இருந்தால் சாய்வு சுமார் 4, செ.மீ.யில் விட்டுவிட்டால் 0.04.

தமிழாசிரியர்களை எண்களோடு உட்கார வைக்கத் தேவையில்லை. ‘திருக்குறள்’ என்ற சொல்லுக்கு கால்க்கில் குறியீடுகளை எண்ணிச் சொல்லும் லென் சார்பைப் போட்டால் விடை 11. எழுத்தோ ஆறு. இலக்கணத்தில் க் + உ = கு; கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் க என்பதே அடிப்படை, அதோடு உகரக் குறி சேர்கிறது. க் என்பதும் க + புள்ளி. ஆறு எழுத்துகளில் ‘ற’ மட்டும்தான் ஒற்றைக் குறியீடு. உயிர்மெய் நடத்த இதைவிட நல்ல வாசல் வேறில்லை. ஆனால் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய வினாத்தாளில் இந்தக் கணக்கு சரிவராது; அங்கே கணினியிடம் இருப்பது ஆங்கிலக் குறியீடுதான். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

கணித ஆசிரியர்களுக்கு, வடிவங்கள் வரையும் ஜியோஜீப்ரா மென்பொருளில் ஓர் எச்சரிக்கை: கோணக் கருவியில் புள்ளிகளைச் சொடுக்கும் வரிசை மாறினால் 60 பாகைக்குப் பதில் 300 வரும்.

கடைசியாக நேரம். 40 நிமிடப் பாடவேளையில் ஆய்வகத்துக்குப் போய் உட்காரவே 7, 8 நிமிடம் ஆகும். அதனால் ஊசலை முந்தைய நாளே வகுப்பறையில் அளந்துவிட வேண்டும். ஒரு கணினிக்கு மூவர் என்றால் ஒருவர் எண்ணை வாசிக்க, ஒருவர் தட்ட, ஒருவர் சரிபார்க்கட்டும். ஒவ்வொரு நீளத்துக்கும் இடம் மாறட்டும். இல்லையென்றால் விசைப்பலகை கடைசிவரை ஒரே கையில் இருக்கும். மின்சாரம் போனால் அதே எண்களைக் குறிக்க, குழுவுக்கு ஒரு வரைபடத்தாள் மேசையில் தயாராக இருக்க வேண்டும்.