வலிப்பு வந்த தேதி

நரம்பியல் பிரிவிலிருந்து எங்களுக்கு வரும் பரிந்துரைத் தாளில் வலிப்பைப் பற்றி ஒரே ஓர் எண்தான் இருக்கும்: மாதத்திற்கு இத்தனை முறை. எந்தெந்தத் தேதியில் என்று எழுத அதில் இடமே கிடையாது. உணவுப் பட்டியல் போடுகிறவளுக்குத் தேதி எதற்கு என்று கேட்கலாம். கோலாலம்பூரில் உணவியல் நிபுணராக வேலை பார்க்கும் எனக்கு, வலிப்பு நோயுள்ள பெண் ஒருத்தி எதிரில் வந்து உட்கார்ந்தால், அவள் என்ன சாப்பிடுகிறாள் என்பதற்கு முன்னால் நாள்காட்டிதான் தேவைப்படுகிறது.

இதே ஊரின் செந்தூல் பகுதியிலிருந்து ஓர் அம்மா மகளை அழைத்து வந்தார். மகள் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் குமாஸ்தா. “அமாவாசை வந்தால் இவளுக்கு வந்துவிடும் மிஸ். எத்தனை டாக்டரிடம் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை” என்று சொல்லிக்கொண்டே, மளிகைக் கடையில் கொடுத்த மாத நாள்காட்டியைப் பையிலிருந்து எடுத்து என் மேசையில் விரித்தார். அமாவாசைக்கு அச்சடித்திருந்த கறுப்பு வட்டத்தின்மேல் பேனாவால் பெருக்கல் குறி. ஜனவரியில் வட்டத்தின்மேலேயே இருந்தது. பிப்ரவரியில் வட்டத்தை ஒட்டி இருந்தது. மார்ச்சில் இரண்டு மூன்று கட்டம் முன்னே நகர்ந்திருந்தது. மே மாதத்தில் ஒரு வாரமே முந்திவிட்டது. அந்த மாதங்களின்மேல் அம்மா விரலை வேகமாக ஓட்டிக் கடந்துவிட்டார்.

அவர் மருந்தகத்துக்குச் சீட்டுக் கொடுக்கப் போன நேரத்தில், மாதவிலக்கு எப்போது வந்தது என்று மகளிடம் கேட்டேன். கைப்பேசியில் குறித்து வைத்திருந்தாள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெரும்பாலான குறிகள் விலக்குக்கு முந்தைய இரண்டு நாளிலும் முதல் நாளிலும் விழுந்தன. நிலவின் சுற்று இருபத்தொன்பதரை நாள். இவளுடையது 27 அல்லது 28. சில மாதம் இரண்டும் சேர்ந்து நடந்திருக்கின்றன, பிறகு விலகிவிட்டன. அம்மா சொன்ன காரணம்தான் தவறு. முறை வைத்து வருகிறது என்று அவர் கண்டது சரி. தடித்த கோப்பில் எவரும் எழுதாத அந்தச் செய்தியை அவர் ஒருவர்தான் எழுதி வைத்திருந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வலிப்புக்குப் பயன்பட்ட முதல் மருந்தே இந்தத் தேதிக் கணக்கிலிருந்து பிறந்ததுதான். 1857இல் லண்டனில் சார்லஸ் லோகாக் என்ற மகப்பேறு மருத்துவர், மாதவிலக்கை ஒட்டி வலிப்பு வரும் பெண்களுக்குப் பொட்டாசியம் புரோமைடு கொடுத்துப் பலன் கண்டதாகச் சொன்னார். காரணம் பிற்பாடுதான் தெளிந்தது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மூளை நரம்புகளைத் தூண்டிவிடும். இன்னொரு பெண் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனிலிருந்து உடலில் உருவாகும் ஒரு பொருள் அவற்றை அடக்கி வைக்கும். விலக்குக்கு முந்தைய நாட்களில் புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்குவதால், அடக்கும் கை விலகிவிடுகிறது. 1997இல் ஹெர்சாக் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவினரும் இதை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: விலக்கை ஒட்டி வருவது, கருமுட்டை வெளிப்படும் நாட்களில் வருவது, சுழற்சியின் பின்பாதி முழுவதும் பரவி வருவது. வலிப்பு நோயுள்ள பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி ஏதாவது ஒரு முறை தென்படுகிறது.

வலிப்புக்கு நாங்கள் கொடுக்கும் கீட்டோஜெனிக் உணவுமுறையும், அதாவது மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் முறையும், பழசுதான். 1921இல் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர், பட்டினி கிடந்தால் வலிப்பு குறைகிறது என்று மற்றவர்கள் கண்டதை வைத்து, பட்டினியின் விளைவைக் கொழுப்பு உணவால் உண்டாக்கலாம் என்றார். 1938இல் ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து வந்ததும் மாத்திரை விழுங்குவது சுலபம் என்று எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பழைய முறையில் கொழுப்பு நான்கு பங்கு, புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு பங்கு. ஒவ்வொரு கவளத்தையும் தராசில் நிறுக்க வேண்டும். வேலைக்குப் போகும் பெண்ணிடம் இதைச் சொன்னால் மறுமுறை வரமாட்டாள். அதனால் நான் சொல்லிக்கொடுப்பது, 2003இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் அறிமுகப்படுத்திய மாற்றியமைத்த அட்கின்ஸ் முறை. நாளுக்கு மாவுச்சத்து 20 கிராமுக்குள், கொழுப்பு தாராளம், தராசு வேண்டாம்.

20 கிராம் என்று சொன்னதும் தலையாட்டுவார்கள். இரண்டு இட்லியோடு அது தீர்ந்துவிடும் என்று சொன்ன பிறகுதான் முகம் மாறும். கெட்டிப்பால் ஊற்றிய ஒரு குவளை தே தாரிக்கும் அப்படித்தான். ரொட்டி சானாயைப் பற்றிப் பேச்சே வேண்டாம். முட்டை, மீன், நெத்திலி, பன்னீர், தௌஃபூ, கீரை, வெண்டைக்காய், கெட்டித் தேங்காய்ப்பால் என்று நம் சமையலிலேயே சாப்பிட நிறைய இருக்கிறது. ஒளிந்திருப்பவைதான் தொல்லை: குழம்பில் கரையும் புளி, கைநிறைய அள்ளிப் போடும் சின்ன வெங்காயம், பொரித்த கோழிமேல் பூசிய மாவு, இனிப்புக் கிச்சாப், இருமல் மருந்து, பாட்டி கொடுக்கும் லேகியம். கோவிலில் கையில் விழும் பஞ்சாமிர்தத்தை வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கும் வாய் வராது. நானும் அதற்குத் தடை சொல்வதில்லை. அன்றைய கணக்கில் எழுதிக்கொள் என்பேன்.

செந்தூல் பெண்ணின் குறிப்பேட்டில் நான் கண்டது இது. கொழுப்பு எரியும்போது உடலில் உண்டாகும் கீட்டோனைக் காட்டும் சிறுநீர்ப் பட்டை, மாதத்தின் மூன்று வாரம் நல்ல ஊதா நிறத்தில் இருக்கும். விலக்குக்கு முந்தைய வாரம் வெளிறி இளஞ்சிவப்பாகிவிடும். கீட்டோன் குறைகிறது என்று அர்த்தம். அந்த வாரத்தில்தான் இனிப்பின்மேல் அவளுக்கு ஏக்கம் பொங்கியது; அலுவலகத்தில் யார் பிறந்தநாள் கேக் வெட்டினாலும் கை தானாக நீண்டது. எந்த நாளில் அவளுக்கு உணவுமுறையின் உதவி அதிகம் தேவையோ, அந்த நாளில்தான் அது கைநழுவியது. ஆகவே அந்த வாரத்துக்கு மட்டும் தனிப் பட்டியல் போட்டோம். வெண்ணெயில் பொரித்த முட்டை, சர்க்கரை இல்லாமல் கெட்டித் தேங்காய்ப்பாலில் கலக்கிய கோகோ, மேசை இழுப்பறையில் ஒரு டப்பா வேர்க்கடலை. சில மாதங்களில் வலிப்பு பாதிக்குமேல் குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை. மாத்திரையும் தொடர்ந்தது, உணவுமுறை மாத்திரைக்கு மாற்று அல்ல என்பதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

தைப்பூசம் வந்தபோது கணக்கு குழம்பியது. பத்துமலைக்குப் பால்குடம் எடுக்க வேண்டும் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நம் வீடுகளில் இது சாதாரணமாக நடக்கிறது. கல்யாணம், கிரகப்பிரவேசம் எதுவானாலும் அந்த மாத்திரைதான். வலிப்பு உள்ளவர்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. கார்பமாஸெபைன், ஃபெனிட்டாயின் போன்ற வலிப்பு மருந்துகள் ஹார்மோன் மாத்திரைகளின் வீரியத்தைக் குறைத்துவிடும் என்பது வேறு.

இந்தச் சிகிச்சையை எல்லோருக்கும் சொல்லமாட்டேன். கர்ப்பமாக இருப்பவர்களையும் கொழுப்பைச் செரித்து எரிப்பதில் பிறவிக் குறையுள்ளவர்களையும் இதில் இறக்கமாட்டோம். டோப்பிராமேட் என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் அபாயம் கூடும் என்பதால் கூடுதல் கண்காணிப்பு வேண்டும். மலச்சிக்கல், கொலஸ்ட்ரால் ஏறுவது, மாதவிலக்கே முறை தவறுவது எல்லாம் உண்டு. ஏற்கெனவே மெலிந்த பெண்ணைப் பார்த்தால் நானே தயங்குவேன். மாதவிலக்கை ஒட்டிய வலிப்புக்கென்று தனியாக நடந்த உணவு ஆய்வுகளும் சிறியவைதாம். இணையத்தில் அடித்துப் பேசுகிறவர்களைப்போல் என்னால் பேச முடியாது.

அரசு மருத்துவமனையில் 5 ரிங்கிட்டுக்கு நிபுணரைப் பார்த்துவிடலாம். சோதனைப் பட்டைகளும் வெண்ணெயும் பன்னீரும் சொந்தக் காசில்தான். வீட்டில் ஐந்து பேருக்குச் சோறு வடித்துவிட்டுத் தனக்கு மட்டும் வேறு சமைக்கும் மருமகளின் பாட்டை எந்தப் பட்டியலிலும் எழுத முடியாது.

கிள்ளானிலிருந்து வந்த ஒருவர் அப்படித்தான் மூன்று மாதம் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். பட்டை கடைசிவரை ஊதாவாகவே இருந்தது, வலிப்பு குறையவில்லை. பலன் இல்லையென்றால் மூன்று மாதத்தில் நிறுத்திவிடலாம் என்பது தொடக்கத்திலேயே பேசிய பேச்சு. நிறுத்துவோம் என்றேன். ஆனால் அவர் எழுதி வைத்திருந்த தேதிகளைப் பார்த்த நரம்பியல் மருத்துவர், விலக்கை ஒட்டிய சில நாட்களுக்கு மட்டும் குளோபஸாம் என்ற வலிப்பு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அது அவருக்குப் பிடித்திருந்தது. “அப்படியானால் நாளைக் காலையில் தோசை சாப்பிடலாமா அக்கா?” என்று கேட்டார். ஒரேயடியாக விடக்கூடாது, முதல் வாரம் காலையில் பாதித் தோசை, அடுத்த வாரம் முழுத் தோசை, சோறு அதற்கப்புறம் என்று எழுதிக் கொடுத்தேன். சட்னி எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.