‘வந்தாள்’ என்ற சொல்லில் நின்று படித்தது

பகுதிநேரமாகத் தமிழ்ப் பட்டப்படிப்பு மேற்கொண்டிருந்தபோது, தற்கால நாவலில் பெண்ணும் தாய்மையும் சித்திரிக்கப்படும் விதம் குறித்து ஓர் ஒப்படைப்பு எழுத வேண்டியிருந்தது. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) நாவலைத் தேர்ந்தெடுத்து, சிங்கப்பூரில் வேலைக்குப் போய்வரும் எம்ஆர்டி ரயில் பயணங்களிலேயே படித்து முடித்தேன். அந்த அவசரம் கட்டுரையிலும் தெரிந்தது. நாவலின் தாயான அலங்காரம் கணவனுக்குத் துரோகம் இழைத்தவள் என்று முதற்பாதியிலும், ஆயினும் பிள்ளைமீது பாசம் உடையவள் என்று பிற்பாதியிலும் எழுதியிருந்தேன். கதைச் சுருக்கமும் தீர்ப்பும் இருக்கின்றன, ஆய்வைக் காணோம் என்ற குறிப்புடன் தாள் திரும்பி வந்தது. அப்போது வருத்தமாக இருந்தாலும், குறிப்பு நியாயமானதே.

மறுமுறை எடுத்தபோது தலைப்பிலேயே நின்றுவிட்டேன். இங்குள்ள பள்ளியில் ‘அம்மா வந்தார்’ என்றே எழுதிப் பழகியவள் நான். ‘வந்தாள்’ என்பதோ பெற்ற பிள்ளையின் உரிமைப் பேச்சு. அலங்காரம் என்ற பெயர் அங்கே இல்லை. அவளை அம்மாவாக மட்டுமே அறிந்த ஒருவனின் பார்வைதான் இருக்கிறது. பல ஆண்டுகள் காவிரிக்கரை வேதபாடசாலையில் கழித்துவிட்டுச் சென்னை திரும்பும் மகன் அப்புவின் திகைப்பின் வழியாகவே, அலங்காரத்துடன் உறவு கொண்ட சிவசுவின் வருகைகளை நாம் பெரும்பாலும் அறிகிறோம். ஆகவே, அலங்காரம் எப்படிப்பட்ட தாய் என்று கேட்பதைக் காட்டிலும், தாய் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதை அப்பு எங்கே கற்றான் என்று கேட்டது எனக்குக் கூடுதல் பயன் தந்தது.

அந்தக் கேள்வியோடு படித்தால் இந்துவின் இடமும் விளங்கும். வேதபாடசாலை வீட்டில் வாழும் இளம் விதவையான அவளுடைய காதலை மறுக்க அப்பு தன் அம்மாவை அரணாக்கிக்கொள்கிறான். அந்த அரணில் முதல் விரிசல் இந்துவின் சொல்லால்தான் விழுகிறது. இந்நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதப்போகிறவர்கள், எல்லாம் தெரிந்தும் பேசாதிருக்கும் தந்தை தண்டபாணியைப் பற்றியும் ஒரு பத்தியேனும் எழுதுங்கள். தாய்மையைப் பற்றிய கட்டுரையில் தந்தையர் எளிதில் தப்பிவிடுகிறார்கள்.

நான் அதிக நேரம் செலவிட்டது பரிகாரம் என்ற கருத்தில். தன் பாவம் கரைய வேண்டும் என்பதற்காகவே அலங்காரம் மகனை வேதம் படிக்க அனுப்புகிறாள். இது பாசமா, பிள்ளையைத் தன் தேவைக்குப் பயன்படுத்துவதா? என் மகனை வாரத்தில் மூன்று நாள் துணைப்பாட வகுப்புக்கு அனுப்பும் எனக்கு, அந்த இடத்தில் அவளை எளிதாகக் குறைகூற முடியவில்லை. தான் எதிர்பார்த்த ரிஷியாக அப்பு ஆகவில்லை என்றானதும் அலங்காரம் காசிக்குப் புறப்படுவதை மனந்திருந்துதல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். வீட்டையும் தாய் என்ற பொறுப்பையும் ஒருசேர விட்டு விலகுகிறாள் என்றும் அதைப் படிக்க இடமுண்டு.

நாவலின் பிராமணப் பேச்சுவழக்கு சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு முதலில் தடங்கலாக இருக்கலாம். உரையாடல்களை வாய்விட்டுப் படித்தால் பழகிவிடும். மேற்கோளாக ஒரு சொற்றொடரை மட்டும் எடுத்து, அதை யார் யாரிடம் சொல்கிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இவ்வளவு ஆயத்தம் செய்தும், தேர்வில் வினா, அந்த வேதபாடசாலையை நடத்தும் பவானியம்மாளைப் பற்றி வந்தது. அவளுக்காக நான் எடுத்து வைத்திருந்தது அரைப் பக்கக் குறிப்புதான். தான் பெறாத பிள்ளைகளை அருகில் வைத்துச் சோறிட்டவளையும், பெற்ற பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்பியவளையும் எதிரெதிரே நிறுத்தி, அந்த அரைப் பக்கத்தைக் கொண்டே எழுதிச் சமாளித்தேன்.