பல்லும் ஈறும் சேரும் ஓரம்

எங்கள் அப்பாரு கடைசி வரை வேப்பங்குச்சியால்தான் பல் விளக்கினார். நுனியை மென்று நார் நாராக்கிக்கொண்டு, கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே இருந்த எங்கள் தோட்டத்து வாய்க்கால் மேட்டில் நடந்தபடியே, ஒவ்வொரு பல்லாக அரை மணி நேரம் தேய்ப்பார். எனக்கோ அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. வலுவை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு மாதத்திலேயே பிரஷ்ஷின் தூவிகள் இருபுறமும் விரிந்துபோகும் அளவுக்கு அரை நிமிடம் அழுத்தித் தேய்த்துவிட்டு, வாய் சுத்தமாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு ஈறில் இரத்தம் கசிவது நிற்காததால் ஈரோட்டில் ஒரு பல் மருத்துவரிடம் சென்றேன். அவர் சுத்தமாகாத இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ரோஜா நிறச் சாயம் ஒன்றைப் பற்களில் தடவி, கொப்பளிக்கச் சொல்லி, கண்ணாடியைக் கையில் கொடுத்தார். பல்லின் முகப்பெல்லாம் வெள்ளையாக இருக்க, ஈறை ஒட்டிய ஓரம் நெடுகப் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. கீழ் முன்பற்களின் உட்புறம் முழுவதுமே சிவந்திருந்தது. இடப்பக்கக் கோரைப்பல்லின் கழுத்திலோ நகம் வைத்தால் தட்டுப்படும் ஒரு பள்ளம் இருந்தது. "பாத்தரம் வெளக்கற மாதிரியே வெளக்கியிருக்கீங்களாட்ட இருக்குதுங்களே" என்றார். நடுவயலை மட்டும் உழுதுவிட்டு வரப்போரத்துப் புல்லை விட்டுவைத்த கதைதான்.

அந்தச் சிவப்பு, உணவுத் துணுக்கு அன்று. பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதங்கள் பல்லின் மேல் மெல்லிய ஏடாகப் படிய, அதில் பாக்டீரியாக்கள் ஒட்டிப் பெருகி உண்டாக்கும் படலம் அது. கொப்பளித்தால் போகாது, ஆனால் மென்மையான தூவி பட்டாலே கலைந்துவிடும் என்பதால் அழுத்தத்துக்கு இங்கே வேலை இல்லை. கலைக்காமல் விட்டால் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஏறிக் காரையாக இறுகிவிடும். அதன்பின் மருத்துவரின் கருவிதான் அதை எடுக்க வேண்டும். உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கே திறப்பதால் கீழ் முன்பற்களின் பின்புறம் முதலில் காரை கட்டுகிறது. அப்பாருவுக்கும் அங்கே மஞ்சளாகக் கட்டியிருந்தது நினைவிருக்கிறது. குச்சி உட்பக்கம் எளிதில் திரும்பாது அல்லவா?

1965-இல் டென்மார்க்கில் ஹரால்டு லோ என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தபோது, 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது ஆறியது. இரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் ஒதுக்கி வந்த நான் செய்தது எவ்வளவு தலைகீழான காரியம் என்பது இதைப் படித்தபோதுதான் உறைத்தது.

காரையை அகற்றிய பின் மருத்துவர் கற்றுக்கொடுத்தது பாஸ் முறையின் திருத்திய வடிவம். மூல முறையை வகுத்த சார்லஸ் பாஸ் பல் மருத்துவரே அல்லர். மலேரியாவை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர். மென்தூவிப் பிரஷ்ஷை ஈறின் ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து, இரண்டு மூன்று பற்களுக்கு ஒரு தடவையாக, தூவியின் நுனி இடம் பெயராமல் சிறு சிறு அசைவாக ஆட்டிவிட்டு, பின்பு ஈறிலிருந்து பல்லின் விளிம்பை நோக்கி வழித்துவிட வேண்டும். முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். இதுவே தலைசிறந்த முறை என்று பல் மருத்துவ உலகம் ஒருமித்துச் சொல்லவில்லை. எந்த முறையானாலும் பல்லிடுக்குக்குள் பிரஷ் நுழையாது என்பதால், இரவில் இடுக்குக்கென்றே உள்ள சிறு பிரஷ்ஷையும் பயன்படுத்துகிறேன்.

முதல் வாரம் இரத்தம் வந்தது; மூன்றாம் வாரம் நின்றது. தேய்ந்த பல் மட்டும் வளரவில்லை. கோடையில் ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்தை இன்னமும் வலப்பக்கமாகவே ஒதுக்கிக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.