350 பிக்கப்புக்கு ஹெடரும் எக்ஸாஸ்டும்: வேலைக் குறிப்புகள்

ஜனவரி 6

ஸ்டாண்டில் இருப்பது பிக்கப்பின் எஞ்சின், செவ்ரோலே 350 (கன இன்ச்) ஸ்மால் பிளாக் வி8. பழைய வார்ப்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை எடுத்துவிட்டு ஹெடர், அதாவது சிலிண்டருக்கு ஒரு தனிக் குழாயாகப் புகையை வெளியேற்றும் தொகுப்பு, போடுவதுதான் வேலை. 4 இன்ச் போர் (சிலிண்டரின் விட்டம்), 3.48 இன்ச் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), கம்ப்ரஷன் 9-க்குக் கொஞ்சம் மேலே. கேம் (வால்வைத் திறக்கும் தண்டு) 0.050 இன்ச் லிஃப்டில் 214 டிகிரி. நாலு பேரல் கார்புரேட்டர், ஹெட் இரண்டும் ஸ்டாக். 300 குதிரைசக்தியை ஒட்டி வந்தால் அதிகம். பாரம் ஏற்றி, டிரெய்லர் இழுக்கிற வண்டி. பெரும்பாலும் 1800-க்கும் 3500-க்கும் நடுவில்தான் ஓடும். எடுக்கும் ஒவ்வொரு குழாயும் அந்த ஆர்பிஎம்முக்குத்தான். 5500-இல் கூடும் பவர் இந்த வண்டிக்குப் பயன்படாது.

ஜனவரி 8

பிரைமரி குழாயின் (ஹெடரில் சிலிண்டருக்கு ஒன்றாக வருவது) அளவைக் கணக்குப் போட்டாயிற்று. உள் பரப்பைச் சதுர இன்ச்சில் எடுத்து, 88,200-ஆல் பெருக்கி, ஒரு சிலிண்டரின் கன இன்ச்சால் (இங்கே 43.75) வகுத்தால், அந்தக் குழாய் எந்த ஆர்பிஎம்மில் டார்க்குக்கு (இழுவிசைக்கு) அதிகம் கைகொடுக்கும் என்பது தோராயமாகத் தெரியும். 18 கேஜ் தடிமனுள்ள சுவருக்கு, வெளிவிட்டப்படி:

1 1/2 இன்ச்: சுமார் 3100
1 5/8 இன்ச்: சுமார் 3700
1 3/4 இன்ச்: சுமார் 4300

மூன்றில் 3500-க்கு மிக அருகில் வருவது 1 5/8, எடுக்க வேண்டியதும் அதுதான். 1 3/4 பார்க்கக் கம்பீரமாக இருக்கும், கேட்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் குழாய் பெருத்தால் புகையின் வேகம் குறையும். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சின்ன நேரத்தில் மிச்சப் புகையை வெளியே இழுப்பது அந்த வேகம்தான். அது போனால், பாரத்தோடு வண்டி கிளம்பும்போதே இழுவை குறைவது தெரியும்.

ஜனவரி 9

குட்டைக் குழாய் ஹெடரா (ஷார்ட்டி), நீளக் குழாய் ஹெடரா (லாங் டியூப்)? ஷார்ட்டி சுலபமாக உட்காரும், ஆனால் நல்ல வார்ப்பு மேனிஃபோல்டைவிடப் பெரிதாக எதுவும் தராது. இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-8-4-3-6-5-7-2. 5-ம் 7-ம் ஒரே பக்கம், பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள், அடுத்தடுத்து வெடிப்பவை. குட்டையான மேனிஃபோல்டில் ஒன்றின் புகை மற்றதன் வழியில் போய் முட்டும். ஒவ்வொன்றுக்கும் முப்பது இன்ச்சுக்கு மேல் தனிக் குழாய் கிடைத்தால் அந்த இடிபாடு குறையும். லாங் டியூப்தான், 3 இன்ச் கலெக்டரோடு (பிரைமரி குழாய்கள் ஒன்றுசேரும் முனை). ஃபிளாஞ்ச் (ஹெட்டோடு போல்ட்டில் இறுகும் தட்டு) 3/8 இன்ச் தடிமனுக்குக் குறையக் கூடாது; மெல்லிய ஃபிளாஞ்ச் சூட்டில் வளைந்துவிடும்.

ஜனவரி 15

கேஸ்கட் போடாமல் சும்மா பொருத்திப் பார்த்தோம். ஸ்டீயரிங் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், ஆயில் ஃபில்டர், கிளட்ச் லிங்கேஜ், பிரேக் லைன் எல்லாவற்றையும் சுற்றிக் கை விட்டுப் பார்க்க வேண்டும். விரல் தடிமன் இடைவெளியாவது வேண்டும், எஞ்சின் மவுன்ட்டில் அசையும். 7-ம் நம்பர் ஸ்பார்க் பிளக்கின் பூட் (வயர் முனையின் ரப்பர் உறை) குழாயை ஒட்டியே நின்றது. 90 டிகிரி பூட்டும் வெப்ப உறையும் போட்டபின் சரியானது. பிளக் வயரைத் திருப்பிவிடும்போது 5-யும் 7-யும் சேர்த்துக் கட்டாதீர்கள். ஒன்றின் மின்சாரம் மற்றதில் தூண்டப்பட்டு, 7 முன்கூட்டியே வெடிக்கும்.

இன்னொன்று பலர் மறப்பது: பழைய சோக் (குளிர்ந்த எஞ்சினில் கார்புரேட்டரின் காற்று வழியை மூடும் தகடு) மேனிஃபோல்டின் சூட்டில் திறக்கும் வகை. மேனிஃபோல்டு போனால் அந்தச் சூடும் போயிற்று, சோக் மூடியே கிடக்கும். எலக்ட்ரிக் சோக் இப்போதே வாங்கி வையுங்கள்.

ஜனவரி 17

ஹெட்டின் முகத்தைத் துடைத்து, ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்த்துவிட்டு ஏற்றினோம். போல்ட் 3/8-16. எல்லாவற்றையும் கையால் நாலு சுற்று ஓட்டியபின்தான் ஸ்பேனர். நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும், இரண்டு மூன்று சுற்றாக, 20 முதல் 25 பவுண்டு-அடி வரை. ஒரு ஓரத்தை முதலில் இறுக்கினால் மறு ஓரம் தூக்கிக்கொள்ளும். கேஸ்கட் ஊதுவது அங்கேதான்.

ஜனவரி 22

பின்பக்கக் குழாய். 300 குதிரைசக்திக்கு 3 இன்ச் ஒற்றைக் குழாயும் போதும், 2 1/4 இரட்டையும் போதும். உள் பரப்பு இரண்டிலும் கிட்டத்தட்ட 6.5-இலிருந்து 7 சதுர இன்ச். பெட்ரோல் டேங்க்கும் ஸ்பேர் டயரும் இடம் விட்டதால் இரட்டை. 2 1/2-க்குப் போக இந்த எஞ்சினில் காரணமில்லை. வளைவு மேண்ட்ரலில் (குழாய் நசுங்காமல் உள்ளே தாங்கும் அச்சு) வளைத்ததாக இருக்கட்டும். நசுக்கி வளைத்தால் 2 1/4 அந்த இடத்தில் சுருங்கிவிடும், அளவெடுத்ததே வீண். கலெக்டர் இணைப்புக்குத் தட்டை கேஸ்கட்டைவிட உருண்டை மூட்டு நல்லது, பிரேம் முறுக்கினாலும் கசியாது. வண்டிக்குச் சட்டப்படி கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் கருவி) உண்டென்றால் அது கட்டாயம் இருக்கட்டும். வால் குழாய் கேபினைத் தாண்டி வெளியே முடிய வேண்டும்.

ஜனவரி 25

எச் குழாய் (இரட்டைக் குழாய்களை இணைக்கும் குறுக்குக் குழாய்) எங்கே? கலெக்டருக்குப் பின்னால் இரண்டு குழாயிலும் நீளவாக்கில் மெழுகுக் கிரேயான் கோடு இழுத்து, எஞ்சினை லோடில் சிறிது நேரம் ஓட்டினோம். முன்னால் கோடு கருகி மறைந்திருந்தது. ஓரிடத்தில் கருகாமல் நின்றது. அந்த எல்லையில்தான் இணைப்பை வெட்டினோம்.

பிப்ரவரி 2

முதல் ஸ்டார்ட்டில் புதுப் பெயின்ட் புகைவது இயல்பு. குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக், சூடானதும் நின்றது. லிஃப்டர் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம்) என்று தேடக் கூடாது. அது புகைக் கசிவு, உலோகம் சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்கிறது. வேக்குவம் கிளீனரின் ஊதும் முனையை வால் குழாயில் வைத்து, ஃபிளாஞ்சில் சோப்பு நீர் தடவினோம். 3-ம் போர்ட்டின் கீழ் போல்டில் குமிழ் வரிசையாக எழும்பியது. அந்தப் போல்ட்தான், ஸ்பேனர் நேராகப் பிடிக்காத இடம்.

கசிவை அடைக்காமல் கார்புரேட்டரின் ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) மாற்றாதீர்கள். வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டால் எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜனை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் லீன் (பெட்ரோல் குறைவு) என்று பொய் சொல்லும். பெரிய ஜெட் போட்டால் உண்மையில் பெட்ரோல் வழியும். அடைத்தபின் அளந்தால் இந்த எஞ்சின் சற்று லீன்தான், மெயின் ஜெட் இரண்டு நம்பர் ஏற்றினோம்.

பிப்ரவரி 9

நன்றாகச் சூடாகிக் குளிர்ந்த பிறகு எல்லாப் போல்டையும் மறுபடி இறுக்கியாயிற்று. ஆறு போல்ட் கால் சுற்றுக்கும் மேல் ஏறியது. இன்னும் இருமுறை சூடாகிக் குளிரட்டும், திரும்பப் பார்க்க வேண்டும்.